வீட்டுக் கூடத்தில் நிதி திரட்டும் டெக்சஸ் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும்,

வணக்கம். ஜனநாயகக் கட்சி வேட்பாளர்களுக்காக வீட்டிலேயே கூட்டம் கூட்டி, சாப்பாடும் போட்டு, காசோலையும் வாங்கிக் கொடுக்கிறீர்களே, உங்களுக்குத்தான் எழுதுகிறேன். உங்களில் பலரை எனக்கு நன்றாகத் தெரியும். பொங்கல் விழாவுக்கு மண்டபம் பிடிப்பதிலிருந்து ஊரில் வெள்ளம் வந்தால் பணம் சேர்த்து அனுப்புவது வரை முன்னால் நிற்பவர்கள் நீங்கள். அதனால் சண்டைக்கு வரவில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் உங்களோடு எனக்கு வழக்கு இருக்கிறது.

பதவியில் இருக்கும் நம் கட்சி உறுப்பினரை எதிர்த்துப் பிரைமரியில், அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில், ஒருவர் நிற்கிறார், அவரையும் ஒரு நாள் கூப்பிட்டுப் பேசச் சொல்லலாமே என்று நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி கேட்டார். உடனே பதில் வந்தது: "சொந்தக் கட்சிக்காரரையே கவிழ்க்க வருபவருக்கு நாம் மேடை போட்டுக் கொடுப்பதா? கட்சி விசுவாசம் என்று ஒன்று வேண்டாமா?" அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். தம்பி அதோடு அடங்கிவிட்டார்.

சரி, விசுவாசக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். தூரமாகப் போக வேண்டாம். ஐ-35 நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கினால் லரேடோ.

ஹென்றி குவேயார், ஜனநாயகக் கட்சி உறுப்பினர், டெக்சஸ் 28ஆம் தொகுதி. மெக்சிகோ எல்லையில் லரேடோவிலிருந்து மேலே சான் அன்டோனியோ பக்கம் வரை நீளும் தொகுதி அது. 2005 ஜனவரியிலிருந்து பிரதிநிதிகள் சபையில் இருக்கிறார். அவர் எப்படி உள்ளே வந்தார் தெரியுமா? 2004 பிரைமரியில் சிரோ ரொட்ரிகஸ் என்ற, அப்போது பதவியில் இருந்த ஜனநாயகக் கட்சிக்காரரை எதிர்த்து நின்றுதான். மறு எண்ணிக்கைக்குப் பிறகு வித்தியாசம் 58 ஓட்டு. கவிழ்க்க வருபவர் என்று யாரையோ சொல்கிறீர்களே, அவரே அந்த வாசல் வழியாக வந்தவர்தான். அதற்கு முன்பு 2000 அதிபர் தேர்தலில் ஜார்ஜ் புஷ்ஷை வெளிப்படையாக ஆதரித்தார். மறு ஆண்டு குடியரசுக் கட்சி கவர்னர் ரிக் பெர்ரி அவரை மாநிலச் செயலராக நியமித்தார்.

பழைய கதை என்பீர்கள். 2018க்கு வாருங்கள். டெக்சஸ் 31ஆம் தொகுதியில் ஜான் கார்ட்டர் என்ற குடியரசுக் கட்சி உறுப்பினரை எதிர்த்து, விமானப்படையில் ஹெலிகாப்டர் ஓட்டிய எம்.ஜே. ஹெகர் என்ற ஜனநாயகக் கட்சிப் பெண் நின்றார். டெக்சஸில் ஜனநாயகக் கட்சி வெற்றிக்கு நெருங்கி வந்த தொகுதிகளில் அதுவும் ஒன்று. மூன்று சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில்தான் ஹெகர் தோற்றார். அந்தத் தேர்தலில் குவேயார் உதவியது கார்ட்டருக்கு. தன் கட்சி பிடிக்கத் துடித்த தொகுதியில் எதிர்க்கட்சிக்காரருக்கு நிதி உதவி! கட்சி என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை.

அடுத்த ஆண்டு, 2019 மார்ச்சில், அதே ஜனநாயகக் கட்சியின் காங்கிரஸ் (நாடாளுமன்ற) தேர்தல் குழு ஒரு விதி கொண்டுவந்தது. பதவியில் இருக்கும் ஜனநாயகக் கட்சி உறுப்பினரை எதிர்த்துப் பிரைமரியில் நிற்பவருக்கு வேலை செய்யும் ஆலோசகர், கருத்துக்கணிப்பாளர், விளம்பர நிறுவனம் எதற்கும் குழுவின் ஒப்பந்தம் கிடையாது. அதாவது எதிர்த்து நிற்பவருக்கு நோட்டீஸ் அடித்துக் கொடுத்தாலும் பிழைப்பில் மண். குடியரசுக் கட்சிக்காரருக்குக் காசு திரட்ட உதவியவர் விசுவாசி, பிரைமரியில் நிற்கும் பெண்ணுக்குத் தபால் அட்டை வடிவமைத்தவர் துரோகி! கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பி, 2021இல் அந்த விதியைக் கைவிட்டார்கள். உங்கள் வாட்ஸ்அப் பதிலில் மட்டும் அது இன்னும் அமலில் இருக்கிறது.

அந்த விதி அமலில் இருந்தபோது லரேடோவில் எதிர்த்து நின்றவர் ஜெசிகா சிஸ்நெரோஸ். லரேடோவில் பிறந்து வளர்ந்தவர், குடியேற்ற வழக்கறிஞர், அப்போது இருபதுகளின் நடுவில் இருந்தார். 2014இல் குவேயாரின் வாஷிங்டன் அலுவலகத்திலேயே பயிற்சி மாணவியாக இருந்தவரும்கூட. அவர் வைத்த குற்றச்சாட்டு இரண்டே. ஒன்று, டிரம்ப்பின் முதல் இரண்டு ஆண்டுகளில் குவேயார் கிட்டத்தட்ட 70 சதவீத வாக்கெடுப்புகளில் டிரம்ப்பின் நிலைப்பாட்டோடு போனார். இரண்டு, அவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

இந்த இரண்டாவதில்தான் நீங்கள் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். எண்ணெய், எரிவாயு நிறுவனங்களிடம் அதிகம் நன்கொடை பெறும் ஜனநாயகக் கட்சிக்காரர்களில் குவேயார் ஒருவர். தனியார் சிறை நிறுவனமான ஜியோ குழுமத்தின் பணமும் அவருக்கு வந்தது. குடியேறிகளை அடைத்து வைக்கும் தடுப்பு மையங்களை அரசு ஒப்பந்தத்தில் நடத்தும் நிறுவனம் அது. அந்த ஒப்பந்தங்களுக்குப் பணம் ஒதுக்கும் நிதி ஒதுக்கீட்டுக் குழுவில் குவேயார் உறுப்பினர். உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையைப் பார்க்கும் துணைக்குழுவிலும் இருந்தார். இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். ஊரில் காண்ட்ராக்டர் பணம் வாங்கிய கவுன்சிலரைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் நாம், இங்கே அதே ஏற்பாடு ஆங்கிலத்தில் படிவம் நிரப்பி நடந்தால் வாயைத் திறப்பதில்லை.

2020இல் கோக் சகோதரர்களின் வலைப்பின்னலைச் சேர்ந்த ஓர் அமைப்பு குவேயாரை ஆதரித்து வேலை செய்தது. குடியரசுக் கட்சிக்கு அள்ளிக் கொடுக்கும் அந்த வலைப்பின்னல்தான். அதே பிப்ரவரியில் சபாநாயகர் நான்சி பெலோசி நேரில் லரேடோவுக்கு வந்து அவருக்குப் பிரச்சாரம் செய்தார். இரண்டும் ஒரே ஆளுக்கு, ஒரே தேர்தலில். சிஸ்நெரோஸ் கார்ப்பரேட் நிதிக் குழுக்களின் பணத்தைத் தொடமாட்டேன் என்று சொல்லி நின்று, சுமார் 2,700 ஓட்டில் தோற்றார்.

2022இல் மறுபடி நின்றார். அதற்கு முந்தைய செப்டம்பரில் கருக்கலைப்பு உரிமையைச் சட்டமாக்கும் மசோதா சபைக்கு வந்தபோது, எதிர்த்து ஓட்டுப் போட்ட ஒரே ஜனநாயகக் கட்சி உறுப்பினர் குவேயார். ஜனவரியில் அவர் வீட்டிலும் பிரச்சார அலுவலகத்திலும் எஃப்.பி.ஐ. சோதனை நடந்தது. மார்ச்சில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காமல் போக, மே 24க்கு மறு சுற்று. மே 2ஆம் தேதி, கருக்கலைப்பு உரிமையை நாடு முழுக்க உறுதிசெய்திருந்த ரோ எதிர் வேட் தீர்ப்பை ரத்து செய்யும் உச்ச நீதிமன்றத்தின் வரைவு வெளியே கசிந்தது. நாடு முழுக்கப் பெண்கள் தெருவில் நிற்கிறார்கள். இரண்டு நாள் கழித்து கட்சியின் மூன்றாம் நிலைத் தலைவர் ஜிம் கிளைபர்ன் சான் அன்டோனியோவுக்கு வந்து, அந்த உரிமைக்கு எதிராக ஓட்டுப் போட்ட ஒரே ஆளுக்காக மேடையேறினார். பெலோசியின் குரல் தானியங்கி அழைப்பாக வீடுவீடாகப் போனது. வெளியிலிருந்து ஒரு சூப்பர் பேக் (வரம்பின்றிப் பணம் திரட்டிச் செலவழிக்கும் தனி அமைப்பு) சிஸ்நெரோஸுக்கு எதிராகப் பதினெட்டு லட்சம் டாலர் அளவில் இறக்கியது.

வித்தியாசம் 289 ஓட்டு.

289 என்றால், நம் சங்கத்து சித்திரைத் திருவிழாவில் சாப்பாட்டு வரிசையில் நிற்பவர்களை விடக் குறைவு. தலைமை பேசாமல் ஒதுங்கி இருந்திருந்தால்கூட முடிவு வேறாக இருந்திருக்கலாம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அதற்கப்புறம் நடந்ததும் உங்களுக்குத் தெரியும். 2024 மே மாதம் குவேயார் மீதும் அவர் மனைவி மீதும் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆனது. அசர்பைஜான் அரசின் கட்டுப்பாட்டில் உள்ள எண்ணெய் நிறுவனம் ஒன்றிடமும் மெக்சிகோ வங்கி ஒன்றிடமும் கிட்டத்தட்ட ஆறு லட்சம் டாலர் லஞ்சம் வாங்கியதாகக் குற்றச்சாட்டு. இருவரும் மறுத்தார்கள். நியாயமாகச் சொல்ல வேண்டும், குற்றம் நிரூபிக்கப்படவில்லை. விசாரணை தொடங்கும் முன்பே 2025 டிசம்பரில் டிரம்ப் மன்னிப்பு வழங்கிவிட்டார். மன்னிப்பு கிடைத்த கையோடு குவேயார் மறுபடியும் ஜனநாயகக் கட்சி வேட்பாளராகவே மனு கொடுத்தார். சில நாளில் டிரம்ப்பே பொதுவெளியில் புலம்பினார், இவருக்கு விசுவாசமே இல்லையே என்று! வரிசையில் நின்று எல்லோரும் இந்த மனிதரிடம் விசுவாசத்தை எதிர்பார்த்தார்கள். ஏமாறாதவர்கள் நன்கொடையாளர்கள் மட்டும்தான்.

உங்கள் பக்க வாதத்தையும் நானே சொல்லிவிடுகிறேன். அந்தத் தொகுதி வேறு மாதிரி. எண்ணெய்க் கிணற்றிலும் எல்லைக் காவல் படையிலும் வேலை செய்யும் குடும்பங்கள் நிறைய. 2024இல் அங்கே டிரம்ப் முன்னிலை வாங்கினார், அப்படியும் குவேயார் ஜெயித்தார். சிஸ்நெரோஸ் நின்றிருந்தால் தொகுதியே கைவிட்டுப் போயிருக்கும் என்பீர்கள். போயிருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் லரேடோ வாக்காளர்கள். பிரைமரி என்ற ஏற்பாடே அதற்காகத்தானே இருக்கிறது? எதிர்த்து நிற்பவருக்கு வேலை செய்ய ஆள் கிடைக்காமல் செய்துவிட்டு, பிறகு 'மக்கள் அவரைத்தான் விரும்புகிறார்கள்' என்று சொல்வது என்ன நியாயம்?

இப்போது நம் வீட்டுக் கூடத்துக்கு வருகிறேன். போன ஆண்டு நம்மில் ஒருவர் வீட்டில் நடந்த கூட்டத்துக்கு நானும் வந்திருந்தேன். எந்த வீடு, எந்த உறுப்பினர் என்பதெல்லாம் வேண்டாம்; லரேடோக்காரர் இல்லை, அது மட்டும் போதும். வாசலில் செருப்புக் குவியல். உடன் வந்த உதவியாளர் பெண் ஷூவைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே காகிதக் கிண்ணத்தில் சுண்டல், மெதுவடை, ஓரத்தில் மேசை போட்டு ஒரு டேப்லெட். அதில் பெயர், வேலை செய்யும் நிறுவனம், பதவி, தொகை எல்லாம் தட்டிய பிறகுதான் சட்டையில் ஒட்டப் பெயர்ச்சீட்டு. உறுப்பினர் வந்தார், இட்லி சாம்பார் தனக்குப் பிடிக்கும் என்றார், எல்லோரும் கைதட்டினோம். கிரீன் கார்டு வரிசையில் பல ஆண்டாக நிற்கும் ஓர் அக்கா எழுந்து, மகனுக்கு 21 வயது ஆனால் சார்பு விசா போய்விடுமே, என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார். நல்ல கேள்வி, நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றார் உறுப்பினர். அக்கா அடுத்த கேள்விக்கு வாயெடுத்தார். "போட்டோ எடுத்துடலாம் வாங்க, சாருக்கு அடுத்த ப்ரோகிராம் இருக்கு" என்று நாமே குறுக்கே விழுந்து வரிசையை ஆரம்பித்துவிட்டோம். அக்காவின் கேள்வியை வெட்டியது அவர் இல்லை, நாம்.

அந்த அக்காவால் ஒரு டாலர்கூட நன்கொடை தர முடியாது, கவனித்தீர்களா? குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர் கொடுத்தால் சட்டவிரோதம். அவருக்கும் சேர்த்துப் பேசும் உரிமைக்காகத்தான் நாம் பணம் கொடுக்கிறோம். 2025-26 தேர்தல் சுற்றில் ஒருவர் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 3,500 டாலர் வரை தரலாம். பிரைமரிக்கு ஒன்று, நவம்பருக்கு ஒன்று. கணவன் மனைவி இருவரும் முழுதாகக் கொடுத்தால் 14,000. நம் ஆட்களில் அப்படிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவ்வளவு பணம் கொடுத்து ஒரு புகைப்படம் மட்டும் வாங்கி வருகிறோம்.

பாதுகாப்பான தொகுதியில் இருப்பவருக்கு நாம் கொடுக்கும் பணம் என்ன ஆகிறது என்று எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா? அவருக்குத் தேர்தலில் பெரிய செலவில்லை. அதனால் பெரும்பகுதி கட்சியின் தேர்தல் குழுவுக்குப் போகிறது. அப்படி மாற்றுவதற்கு உச்சவரம்பு கிடையாது. ஒவ்வோர் உறுப்பினரும் இவ்வளவு கட்ட வேண்டும் என்று குழு சந்தாத் தொகை வைத்திருக்கிறது. முக்கியமான குழுக்களில் இருந்தால் தொகை ஏறும், தலைமைப் பதவியில் இருந்தால் இன்னும் ஏறும். குடியரசுக் கட்சியிலும் இதே கதைதான். ஆக, வாஷிங்டனில் ஒருவருடைய கட்சி விசுவாசத்தை அளக்கும் அளவுகோல் அவர் போட்ட ஓட்டு இல்லை, கட்டிய சந்தா. ஒழுங்காகக் கட்டுபவர் எப்படி ஓட்டுப் போட்டாலும் கட்சி அவரைக் கைவிடாது. எதிர்த்து நிற்பவர் கட்சிக் கொள்கையை வரிக்கு வரி ஒப்பித்தாலும் அவர் கணக்கில் சந்தா பூஜ்யம்.

2013 ஜனவரியில் பத்திரிகையில் வெளியான ஒரு பவர்பாயின்ட் ஞாபகம் இருக்கலாம். புதிதாக ஜெயித்து வந்தவர்களுக்கு ஜனநாயகக் கட்சித் தேர்தல் குழு போட்டுக் கொடுத்த மாதிரி நாள் அட்டவணை. அதில் பணம் கேட்டுத் தொலைபேசியில் பேச நான்கு மணி நேரம். குழுக் கூட்டத்துக்கும் சபைக்கும் சேர்த்து இரண்டு மணி நேரம். தொகுதி மக்களைச் சந்திக்க ஒன்றிரண்டு. அரசு அலுவலகத்தில் உட்கார்ந்து நன்கொடை கேட்கச் சட்டம் இடம் தராது. அதனால் கொஞ்ச தூரத்தில் கட்சி வைத்திருக்கும் சின்னச் சின்னத் தொலைபேசி அறைகளுக்குப் போய், ஹெட்செட் மாட்டிக்கொண்டு, பட்டியலைப் பார்த்துப் பேசுவார்கள். டேவிட் ஜாலி என்ற ஃபுளோரிடா குடியரசுக் கட்சி உறுப்பினர் 2016இல் தொலைக்காட்சியில் உடைத்துச் சொன்னார்: வந்தவுடன் தனக்குச் சொல்லப்பட்ட முதல் வேலை, ஒரு நாளைக்கு 18,000 டாலர் திரட்டுவது. அந்தப் பட்டியலில் இருப்பது யார் என்று நினைக்கிறீர்கள்? நீங்கள்தான். உங்கள் பிறந்தநாளும் பிள்ளை படிக்கும் கல்லூரியும் அவருக்குத் தெரிவது பாசத்தால் அல்ல.

பதவியில் இருப்பவரை அசைக்க முடியாது, ஜெயிக்கிற குதிரையில் கட்டுவோம் என்று ஓர் அண்ணன் எப்போதும் சொல்வார். அண்ணே, 2018 ஜூன் 26 அன்று நியூயார்க்கில் ஜோ கிரௌலி என்ற குதிரை விழுந்தது. பத்து முறை சபை உறுப்பினர், குயின்ஸ் மாவட்டக் கட்சித் தலைவர், பெலோசிக்கு அடுத்து யார் என்றால் சொல்லப்பட்ட பெயர்களில் ஒன்று. 2004க்குப் பிறகு அவரை எதிர்த்துப் பிரைமரியில் ஆளே கிடையாது. அவர் செலவு முப்பது லட்சம் டாலருக்கு மேல். எதிரே அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்ட்டஸின் செலவு இரண்டு லட்சத்துக்குள். பிராங்க்ஸில் நடந்த ஒரு விவாதத்துக்கு கிரௌலி தானே வராமல் வேறொருவரை அனுப்பிவைத்தார். அதற்கு மேல் அந்த மக்களுக்கு என்ன தெரிய வேண்டும்? தோற்ற மறு ஆண்டே லாபி செய்யும், அதாவது நிறுவனங்களுக்காக அரசிடம் ஆதரவு தேடும், சட்ட நிறுவனமொன்றில் சேர்ந்தார்.

வலது பக்கமும் அப்படித்தான். 2014 ஜூனில் வர்ஜீனியாவில் சபைப் பெரும்பான்மைத் தலைவர் எரிக் கேன்டர், டேவ் பிராட் என்ற பொருளாதாரப் பேராசிரியரிடம் பிரைமரியில் தோற்றார். கேன்டர் பெருநிறுவனங்களின் ஆள், சொந்தக் கட்சிக்காரர்களின் ஆள் இல்லை என்பதே பிராட்டின் பிரச்சாரம். பிராட் மொத்தப் பிரச்சாரத்துக்கும் செலவழித்த தொகைக்குக் கிட்டத்தட்ட நெருக்கமான தொகை கேன்டரின் பிரச்சாரக் கணக்கில் மாட்டிறைச்சி விடுதிகளுக்கு மட்டுமே போனது. ஓட்டுப்பதிவு நாள் காலையில்கூட அவர் தொகுதியில் இல்லை. வாஷிங்டனில் ஒரு ஸ்டார்பக்ஸில் லாபிக்காரர்களோடு இருந்தார். பிராட்டின் அரசியல் எனக்குக் கொஞ்சமும் ஒத்துவராது. ஆனால் அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி.

எதிர்த்து நிற்பவர் எல்லோரும் உத்தமர் என்று நான் சொல்லவில்லை. கலிஃபோர்னியாவில் ஜனநாயகக் கட்சி உறுப்பினர் மைக் ஹோண்டாவை எதிர்த்து, அதே கட்சியைச் சேர்ந்த ரோ கன்னா என்ற இந்திய அமெரிக்கர் 2014இல் நின்றபோது பெரும்பணம் கன்னா பக்கம்தான் இருந்தது. சிலிகான் பள்ளத்தாக்கே பின்னால் நின்றது. ஒபாமா, பெலோசி இருவரும் ஹோண்டாவை ஆதரித்தார்கள். கன்னா அந்த முறை தோற்று, 2016இல் ஜெயித்தார். அவருக்கு இந்திய அமெரிக்கர்கள் அள்ளிக் கொடுத்தார்கள். அப்போது கட்சி விசுவாசத்தைப் பற்றி யாரும் மூச்சு விட்டதாக எனக்கு நினைவில்லை. நம்மவர் என்றால் எதிர்த்து நிற்பது துணிச்சல், லரேடோ பெண் என்றால் துரோகமா?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. காசோலை எழுதும் முன் கூட்டாட்சித் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் அந்த உறுப்பினரின் பெயரைத் தட்டுங்கள். ஒரு வேட்பாளருக்கு 200 டாலருக்கு மேல் கொடுத்த ஒவ்வொருவர் பெயரும் அங்கே இருக்கும். உங்கள் பெயரும் நிறுவனமும்கூட இருக்கும். உங்களோடு வரிசையில் வேறு யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். பிறகு அவர் எந்தக் குழுவில் உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். கூட்டத்தில் புகைப்படத்துக்கு முன்னால் கேள்வி நேரம் வையுங்கள். கிரீன் கார்டு பற்றி அவர் சொன்ன மசோதாவின் எண் என்ன, அதில் அவர் கையெழுத்து இருக்கிறதா என்று அந்த அக்காவைக் கேட்க விடுங்கள்.

அப்புறம், அந்தத் தம்பி சொன்ன வேட்பாளரைக் கூப்பிடுங்கள். பணம் தர வேண்டாம், ஒரு மணி நேரம் கேட்டால் போதும். பிடிக்கவில்லை என்றால் பழையபடி உங்கள் ஆளுக்கே கொடுங்கள். உங்கள் வீட்டில் வைத்தால் உறுப்பினர் கோபித்துக்கொள்வார் என்று தயக்கம் இருந்தால் என் வீடு இருக்கிறது. வண்டி நிறுத்த இடம் உண்டு. நாற்காலி மட்டும் போதாது. சங்கத்து மடக்கு நாற்காலிகள் யார் கராஜில் இருக்கின்றன என்று சொன்னால் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்களில் ஒருவன், சான் அன்டோனியோ